லிஃப்டில் இறங்கிப் பழகியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் இருந்துகொண்டு மலையேறப் பழகுவதென்றால் படிக்கட்டுத்தான் கதி. வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடிக்கு எட்டு மாடி. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட்டாளிகளாக இருக்கும் நாங்கள் நான்கு பேர், எல்லோரும் ஐம்பதைத் தொடுகிறவர்கள், இரண்டு மாதமாக மாலை நேரத்தில் அந்த எட்டு மாடியையும் திரும்பத் திரும்ப ஏறினோம். காவலாளிக்குப் பெரிய குழப்பம். "லிஃப்ட் நல்லாத்தானே வேலை செய்யுது சேர்?" என்று இரண்டு தரம் கேட்டார். வேலை செய்ததுதான். மேலே போனதும் அதிலேயே இறங்கி, மறுபடி படியால் ஏறினோம். இறங்குவதில் என்ன பயிற்சி இருக்கிறது என்ற நினைப்பு.

நாங்கள் போகவிருந்தது போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலைக்கு. உயரம் 4,095 மீற்றர். நமது நாட்டில் ஆக உயரமான பிதுருதலாகல 2,524 மீற்றர்தான். ஏற்றம் தொடங்கும் திம்போஹொன் வாசலே 1,866 மீற்றரில், ஏறக்குறைய நுவரெலியா நகரத்தின் உயரத்தில் இருக்கிறது. இரவு தங்கும் பனாலாபான் 3,272 மீற்றரில். அங்கே கட்டிலில் படுத்திருக்கும்போதே இலங்கையில் எவரும் நிற்க முடியாத உயரத்தில் இருக்கிறீர்கள். இந்தக் கணக்கைப் போட்டுச் சொன்னவன் எங்கள் வங்கிக்காரன். அவனுக்கு மலையை விட எண்ணில்தான் ஆசை.

எங்களுக்குத் தெரிந்த மலை சிவனொளிபாதமலை. அங்கே பருவகாலத்தில் வழி நெடுக விளக்கு, வளைவுக்கு வளைவு தேத்தண்ணிக் கடை, கைக்குழந்தையோடு தாய், தடியூன்றிய ஆச்சி. களைத்தால் பிளேன்ரீயும் பணிஸும் வாங்கிக்கொண்டு உட்காரலாம். கினபாலுவில் கடை கிடையாது. அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம். மேலே எத்தனை கட்டிலோ அதற்கு அளவாகத்தான் ஆட்களையும் விடுகிறார்கள். ஒரு தங்குமடத்திலிருந்து அடுத்த தங்குமடம் வரை காடும் எங்கள் மூச்சுச் சத்தமும்தான். ஓரிடத்தில் குடுவைச் செடி ஒன்றைக் கண்டோம். நமது சிங்கராஜக் காட்டில் சிங்களத்தில் பந்துர என்பார்களே, பூச்சி பிடிக்கும் கொடி, அதற்குச் சொந்தக்காரன். வாயோரம் மடிப்பு மடிப்பாக, சீலைக் கொசுவம் வைத்ததுபோல அவ்வளவு வடிவு.

சுமைகாரர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மேலே நாங்கள் சாப்பிட்ட சோறும் மரக்கறியும் மனித முதுகில் ஏறியவை. எங்களைத் தாண்டிப் போன ஒரு பெண், முதுகில் மூட்டை, நெற்றியில் அதைத் தாங்கும் பட்டை, காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அந்த ஊரில் பகிடியாக அதைக் 'கம்போங் அடிடாஸ்' என்கிறார்கள், கிராமத்து அடிடாஸ். நாங்கள் கொழும்பில் விலை கேட்டு மயங்கி, பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாங்கிய சப்பாத்துகளைக் குனிந்து பார்த்துக்கொண்டோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

வழிகாட்டி டூசுன் இனத்தவர். இறந்தவர்களின் ஆவி தங்கும் மலை என்று அவருடைய முன்னோர் இதை வணங்கியிருக்கிறார்கள். பின்னேரம் முகில் விலகியபோது, கழுதைக் காது என்று பெயர்பெற்ற இரட்டைக் கற்சிகரத்தைக் காட்டினார். ஒரு காதைக் காணவில்லை. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்துவிட்டது. அன்று மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும், வழிகாட்டிகளும் அதில் அடக்கம். அவர் அதை விரித்துச் சொல்லவில்லை. கையை நீட்டினார், மடக்கினார், உள்ளே போய்விட்டார்.

அன்றிரவுச் சாப்பாட்டில் எங்களில் ஒருவன் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். அவனை மருந்துக்கடைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், தொழிலும் அதுதான். தலையிடி என்று வாய் திறக்கவில்லை. அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலையிடியும் குமட்டலும் வந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது, கூடினால் இறங்கவேண்டும், இறக்கம்தான் மருந்து. ஊருக்கெல்லாம் குளிசை விளக்கம் சொல்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். இரண்டு மாதம் எட்டு மாடி ஏறியவனுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

விடியப்புறம் இரண்டரைக்குப் புறப்பட்டோம். நெற்றியில் டோர்ச், கையுறை, எலும்பைத் துளைக்கும் குளிர். மரங்கள் முடிந்து வெறும் கருங்கல் பாறை தொடங்குகிறது. வெள்ளைக் கயிற்றைப் பிடித்து ஏறவேண்டும். 3,668 மீற்றரில் சாயாட் சாயாட் என்ற சோதனைச் சாவடி. அதற்குச் சற்று முன்னால் மருந்துக்கடைக்காரன் கயிற்றை விட்டுவிட்டு ஓரமாகக் குந்தினான். வாந்தி. வழிகாட்டி அவனை எழுப்பி, கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார். நேராக நடக்க ஏலவில்லை. அவர் சொன்னது ஒரே சொல்: "தூருன்." மலாயில், இறங்கு.

வேறொரு வழிகாட்டி ஏற்கெனவே ஒருவரைக் கீழே கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். அவரோடு இவனையும் அனுப்பலாம், ஆனால் எங்களில் ஒருவர் கூடப் போகவேண்டும்.

நேயர்களே, டோர்ச் நெற்றியில் இருக்கும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் அவருக்குக் கண் கூசும். ஆகவே எல்லோரும் குனிந்து நின்றோம். நான்கு வட்ட வெளிச்சம், எட்டுச் சப்பாத்து. நாற்பது வருடச் சிநேகிதத்தில் இப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. எந்தக் காற்சட்டை, எத்தனை சொக்லேட், யார் படம் எடுப்பது என்பதெல்லாம் கொழும்பிலேயே பேசி முடித்திருந்தோம். ஒருவன் இறங்கவேண்டி வந்தால் கூட இறங்குவது யார் என்பதை மட்டும் பேசவில்லை.

"நீங்க போங்கோ மச்சான், எனக்கு ஒண்டுமில்லை," என்றான் அவன். அது இன்னும் மோசம்.

நான் போகிறேன் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே என் இடது முழங்கால் முனகத் தொடங்கியிருந்தது. கயிற்றில் ஏறும்போதே நல்ல சாட்டு ஒன்று கிடைக்காதா என்று ஒரு மனம் தேடியது. இதை மற்ற மூவருக்கும் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது வானொலியில் சொல்லிவிட்டேன்.

பனாலாபானுக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அவன் முகம் தெளிந்தது. ஏழு மணிக்கு முட்டையும் பாணும் தின்றான், என் பாணையும் தின்றான். மற்ற இருவரும் உச்சியிலிருந்து படத்தோடு வந்தார்கள். மேற்கே முகிலின் மேல் மலையின் நிழல், அளந்து வெட்டியதுபோல முக்கோணம். சிவனொளிபாதமலையில் நாம் கும்பிடும் அதே நிழல். கினபாலு உச்சி பல்லுப் பல்லாக உடைந்த பாறை, ஆனால் நிழல் கூர்மையான முக்கோணம். நிழல் வெகுதூரம் நீளும்போது, தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல, நம் கண்ணுக்குக் குவிந்து தெரிகிறது. மலை எந்த வடிவில் இருந்தாலும் அப்படித்தான். வங்கிக்காரன் இதை நம்ப மறுத்தான்.

பிறகு ஆறு கிலோமீற்றர் இறக்கம், 1,400 மீற்றர் கீழே. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும். பழகாத தசையில் அதுதான் நுண்ணிய காயத்தை உண்டாக்குவது. வலி உடனே தெரியாது, இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். எங்களுக்கு அது விமானத்தில் வந்தது. கட்டுநாயக்காவில் விமானப் படியில் நான்கு பேரும் கைபிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக, நண்டுபோல இறங்கினோம். பின்னால் வந்த ஒரு அம்மா, "தம்பிமாருக்கு வாதமோ?" என்று கேட்டார்.

மலை உச்சியைத் தொட்டவர்களுக்கு அங்கே வர்ணச் சான்றிதழ் கொடுப்பார்கள். தொடாதவர்களுக்குக் கறுப்பு வெள்ளை. மருந்துக்கடைக்காரன் தன்னுடையதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறான். யாராவது கேட்டால், "பழைய காலத்தில ஏறினது, அப்ப கலர் வரேல்ல," என்கிறான்.

நன்றி, வணக்கம்.