தூண் விழ இரும்பு உருக வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டு இரும்பு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிற நம்மவர்களுக்கு இரும்பு புதிதல்ல. அங்கே டீக்கடையில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று, இரட்டைக் கோபுரங்கள் மட்டுமல்ல, விமானமே மோதாமல் தீ மட்டும் பிடித்த பக்கத்து 47 மாடிக் கட்டடம் ஒன்றும் சாயங்காலம் விழுந்ததே, எப்படி? இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆபீஸ் மேசை நாற்காலி எரிந்தால் அவ்வளவு சூடு வருமா?

கேட்பவர் உருட்டாலை உலை முன் நிற்கிறவர். வராது என்று அவர் சொல்வது சரிதான். ஆனால் 600 டிகிரியிலேயே இரும்பின் வலு ஏறக்குறையப் பாதி போய்விடும். அந்தக் கட்டடத்தில் தூண் அவ்வளவு சூடாகவும் இல்லை என்கிறது 2008இல் வந்த அமெரிக்க அரசு ஆய்வறிக்கை. சூடானவை தளத்தைத் தாங்கிய உத்தரங்கள். பத்து மீட்டர் உத்தரம் 500 டிகிரி சூடேறினால் ஆறு சென்டிமீட்டர் நீளும். அப்படி நீண்டவை 13ஆம் தளத்தில் ஒரு பெரிய உத்தரத்தை, தூணில் அது உட்கார்ந்திருந்த இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன. தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. 79ஆம் எண் தூண் ஒன்பது மாடி உயரத்துக்குப் பக்கப்பிடி இல்லாமல் நின்று, நெளிந்தது.

அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று 2020இல் இதை மறுத்தது; அந்த உத்தரம் நழுவியிருக்க முடியாது என்றது. எனக்கு அரசு அறிக்கைதான் பொருந்தி வருகிறது.

பக்கப்பிடிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சைக்கிள் ஸ்போக்கை நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள், வில்லாக வளையும். அதிலேயே ஓர் அங்குலம் வெட்டி அழுத்துங்கள், விரல்தான் வலிக்கும். மெலிந்த தூணுக்குப் பிடியில்லாத நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகும். கணித மேதை ஆய்லர் 1744இலேயே எழுதி வைத்த கணக்கு இது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கொப்பரை ஷெட்டுகளில், லாரி நுழைய இடைஞ்சல் என்று பில்லருக்கு நடுவே போகும் குறுக்கு ஆங்கிளை கேஸ் கட்டரால் அறுத்துவிடுகிறார்கள். இரண்டரை மீட்டரில் பிடித்திருந்த பில்லர் இப்போது ஐந்து மீட்டர் தனியாக நிற்கிறது. "நல்ல கம்பெனி இரும்புங்க" என்பார் உரிமையாளர். இருக்கட்டும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கம்பெனி பார்த்தா அடிக்கிறது? லாரி வந்தே ஆக வேண்டுமென்றால், அந்த ஒற்றைச் சேனல் (‘ப’ வடிவ இரும்பு) பில்லரோடு இன்னொரு சேனலை முகம் சேர்த்து, அடி முதல் நுனி வரை பெட்டியாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஆங்கிளை அறுப்பது அதற்குப் பிறகு.