பட்டு நூலில் கட்டிய முட்டைக்கோஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பல வருஷம் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தியவன். இரைப்பைப் பாடம் வரும்போதெல்லாம் ஒரு கோட்டை மருத்துவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அவர் வில்லியம் பியூமாண்ட்.

ஹியூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சேரும் இடத்தில் மாக்கினாக் என்று ஒரு தீவு. அதன் மேட்டில் அமெரிக்க ராணுவத்தின் எல்லைக் கோட்டை. 1820இல் பியூமாண்ட் அங்கே மருத்துவராக வந்தார். அவர் கல்லூரியில் படித்தவரில்லை. வெர்மாண்டில் ஒரு டாக்டரிடம் கூடவே இருந்து தொழில் கற்றவர். சிப்பாய்களின் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் அவர்தான் பார்க்கவேண்டும். கையைக் காலை வெட்டி எடுக்க நேர்ந்தால் மயக்க மருந்து கிடையாது, அது வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. இதற்கு நடுவே தினமும் வெயில், மழை, குளிர் அளவையும் குறித்துவைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் இப்படித்தான் அவர் கையில் ஊறியது என்று நான் நினைக்கிறேன்.

1822 ஜூன் 6. கோட்டைக்குக் கீழே, மிருகத்தோல் வாங்கும் கம்பெனியின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மூன்றடி தூரத்தில் நின்றிருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடாப் படகோட்டி இளைஞனின் இடது விலாவைக் குண்டு பிய்த்துவிட்டது. பியூமாண்ட் அரைமணி நேரத்துக்குள் வந்து பார்த்தார். நுரையீரலின் ஒரு பகுதி வெளியே தள்ளியிருந்தது. காலையில் சாப்பிட்டது இரைப்பை ஓட்டை வழியாக வழிந்துகொண்டிருந்தது. பிழைப்பான் என்று அவருக்கே நம்பிக்கையில்லை.

ஆனால் பிழைத்தான். மாதக்கணக்கில் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவர் பியூமாண்ட். இனி செலவுக்குக் கொடுக்க முடியாது, ஊருக்கே அனுப்பிவிடுவோம் என்று உள்ளூர் நிர்வாகம் கைவிரித்தபோது, தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர் சம்பளம் மாதம் 40 டாலர்தான். அவருடைய பெரிய செயல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

புண் ஆறியது, துளை மட்டும் மூடவில்லை.

1825 ஆகஸ்ட் 1. இப்போது இருவரும் நயாகரா கோட்டையில் இருந்தார்கள். பகல் 12 மணிக்குப் பச்சை முட்டைக்கோஸ், பழைய ரொட்டி, கொழுப்புள்ள பன்றி இறைச்சி, சில விதமான மாட்டிறைச்சி என்று சின்னச் சின்னத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டித் துளைக்குள் இறக்கினார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தால் கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்கு ரொட்டி, கோஸ், பன்றி இறைச்சி, வேகவைத்த மாட்டிறைச்சி எதுவுமே நூலில் இல்லை. மூன்று மணிக்குப் பையனுக்கு வயிற்றுவலி, தலைவலி. நூலை எடுத்துவிட்டார். வலி விடாததால் அந்தத் துளை வழியாகவே மாத்திரையும் போட்டார்.

சாப்பாட்டை இரைப்பை அரைக்கிறதா, புளிக்கவைக்கிறதா, சூட்டில் வேகவைக்கிறதா என்று அதுவரை ஆளுக்கொன்று சொன்னார்கள். பியூமாண்ட் இரைப்பைநீரைக் குப்பியில் எடுத்து, இறைச்சி போட்டு, உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தார். வெளியேயும் இறைச்சி கரைந்தது. சரி, அப்படியானால் வேலை செய்வது அந்த நீர்தான். 1833இல் 200க்கும் மேற்பட்ட சோதனைகளைப் புத்தகமாக்கினார்.

கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்பதும் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. அந்தக் கோபம் செயின்ட் மார்ட்டினுடையது. டாக்டர் வீட்டில் விறகு வெட்டுவான், மிச்ச நேரம் துளையைக் காட்டிக்கொண்டு இருப்பான். வருஷத்துக்கு 150 டாலர் என்று பிற்பாடு ஒப்பந்தம் போட்டார்கள். அவனோ பலமுறை கனடாவுக்கே போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் டாக்டர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவன் பெயரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

பியூமாண்ட் 1853இல் இறந்தார். செயின்ட் மார்ட்டின் 1880 வரை இருந்தார். அவர் இரைப்பையை அறுத்துப் பார்க்க மருத்துவர்கள் ஆசைப்பட்டார்கள். குடும்பம் சம்மதிக்கவில்லை. யாரும் தொட முடியாதபடி உடல் அழுகும்வரை வைத்திருந்து, அப்புறம் எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள்.

வணக்கம்.