என்-5 உடன் நின்றுவிடாதீர்கள்

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியின் சான்றிதழ் வேலை தேடுகிறவருக்குக் கைகொடுக்கும் என்பதே எங்கள் அணியின் வாதம். என்-5இல் தொடங்கி என்-1 வரை ஏறும் ஐந்து நிலைகள் அதில் உண்டு. அந்தத் தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது, கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறித்துவிட்டு வந்தால் போதும், அந்தச் சான்றிதழால் என்ன பயன் என்று எதிரணித் தோழி கேட்டார். சரி, பேச்சுத் தேர்வு இல்லைதான். ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி இருக்கிறதே! அதில் 60க்கு 19 வாங்காவிட்டால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தோல்விதான். புத்தகத்தை மனப்பாடம் செய்து மட்டும் இதைத் தாண்ட முடியாது.

அடுத்தது விசா. முதியோர் பராமரிப்பு வேலைக்கு இங்கிருந்து புதிதாக ஜப்பான் போக நினைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு அவர் என்-4 காட்ட வேண்டும், அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற இன்னொரு ஜப்பானிய மொழித் தேர்வில் தேற வேண்டும். அதற்கு மேல் பராமரிப்புக்கான மொழித் தேர்வும் தொழில் தேர்வும் தனியாக உண்டு. வாய் நிறைய ஜப்பானிய மொழி பேசினாலும், கையில் சான்று இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது.

பொறியாளர்களுக்கும் சொல்கிறேன். உயர்திறன் வல்லுநர் விசாவுக்கு 70 புள்ளிகள் வேண்டும். படிப்பு, வயது, சம்பளம் எல்லாம் கூட்டி 60இல் நிற்கிறவருக்கு என்-2 இருந்தால் 10 புள்ளி, என்-1 இருந்தால் 15. அந்த 70 கிடைத்துவிட்டால், பொதுவாகப் பத்தாண்டு தங்கிய பிறகு கேட்க வேண்டிய நிரந்தரமாகத் தங்கும் உரிமையை மூன்றே ஆண்டில் கேட்கலாம். பத்துப் புள்ளியில் ஏழு ஆண்டு மிச்சம், நடுவர் அவர்களே!

என்-5 முடித்தும் வேலை கிடைக்கவில்லை என்று ஒருவரை உதாரணம் காட்டினார்கள். ஐந்து நிலைகளில் அதுதான் அடிப்படி. அதோடு படிப்பை நிறுத்தியவருக்கு வேலை வரவில்லை என்றால், அது சான்றிதழின் குற்றமா? என்-3 தாண்டி என்-2 வரை போகச் சொல்லுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரகடத்து ஜப்பானிய ஆலையில் அப்பாவுக்குத் தெரிந்தவர் இருக்கிற பிள்ளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்ல ஆள் இல்லாத வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வருகிறவள் தன் திறமையை எதைக் காட்டி நிரூபிப்பாள்? நேர்காணலில் அவள் நன்றாகவே பேசுவாள். அந்த நேர்காணலுக்கு அவளைக் கூப்பிட வேண்டுமே! டோக்கியோவில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் என்-2 என்-2தான். அதைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். அந்தப் பெண்ணை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.