ரேடாரில் சிவப்பு இருக்கிற இடத்தில் டொர்னாடோ இல்லை! அப்போ எங்கே?

[திரையில்: மூர் நகரத்து மழை ரேடார் படம்]

இந்தப் படத்தில் டொர்னாடோ எங்கே? விரலை வையுங்கள். நடுவில் இருக்கும் அடர் சிவப்பில்தானே வைத்தீர்கள்? அங்கே இருப்பது கனமழையும் ஆலங்கட்டியும். டொர்னாடோ பெரும்பாலும் தென்மேற்கு ஓரத்தில், இதோ, கொக்கியாக வளைந்திருக்கும் இந்த நுனியில் இருக்கும்.

ஊர், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உள்ள மூர். 1999 மே 3, 2013 மே 20 என இரண்டு முறை உச்சபட்சமான 5-ஆம் தர டொர்னாடோ அடித்த ஊர். ரேடார் எப்படி வேலை செய்கிறது? அலையை அனுப்பும், துளியில் பட்டுத் திரும்பி வரும். அவ்வளவுதான், மேலே போவோம்.

புயல் வடகிழக்கே நகர்ந்தால் முதலில் மழை, அப்புறம் ஆலங்கட்டி. பிறகு சட்டென்று ஓயும். "அப்பாடா, விட்டது" என்று காருக்கு என்ன ஆச்சு பார்க்க வெளியே வருவார்கள். கொக்கி வருவதே அப்போதுதான்!

[திரையில்: காற்றின் வேகப் படம்]

இதில் பச்சை, ரேடாரை நோக்கி வரும் காற்று. சிவப்பு, விலகிப் போகும் காற்று. இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் சுழற்சி.

[திரையில்: மூன்றாவது படம், நடுவில் நீலப் புள்ளி]

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பெரிய மழைத்துளி கண்ணீர்த்துளி வடிவில் விழாது. அடி தட்டையாக, மேலே உப்பி, நம்ம இட்லி மாதிரி விழும். ரேடார் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அலை அனுப்பிப் பார்க்கும். எல்லாம் ஒரே மாதிரித் துளி என்றால், இரண்டு பதிலும் கிட்டத்தட்ட முழுசாகப் பொருந்தும். அந்தப் பொருத்தத்தின் மதிப்பு 1-ஐ ஒட்டி நிற்கும். திடீரென்று ஓரிடத்தில் 0.8-க்கும் கீழே சரிந்து, அதே இடத்தில் சுழற்சியும் இருந்தால்? அங்கே பறப்பது துளி இல்லை. கூரை ஓடு, பலகை, மரக்கிளை. இந்த நீலப் புள்ளி யாரோ ஒருவருடைய வீடாக இருக்கலாம். கும்மிருட்டில், கண்ணால் பார்க்க ஆளே இல்லாதபோதும், டொர்னாடோ தரையைத் தொட்டுவிட்டது என்று இது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒன்று: இது தெரியும்போது சேதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

'லைவ்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் ஆப்பில் தெரியும் படம் சில நிமிடம் பழசு. 2013-இல் அந்த டொர்னாடோ சுமார் 23 கிலோமீட்டரை 39 நிமிடத்தில் கடந்தது. ஐந்து நிமிடத்துக்கு முந்தைய படம் என்றால், அது அதற்குள் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கும். அன்று எச்சரிக்கை வந்தது மதியம் 2:40-க்கு, தரையைத் தொட்டது 2:56-க்கு. அந்த 16 நிமிடத்தில் ஆப்பை ஜூம் செய்துகொண்டு நிற்காதீர்கள், ஷெல்டருக்குப் போங்கள்.

டல்லாஸ், ஓக்லஹோமா பக்கம் இருக்கும் மக்களே, எந்த ஆப் பார்க்கிறீர்கள்? கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோ: கோடையில் விடியற்காலை, வானத்தில் மேகமே இல்லாதபோது ரேடாரில் வளையம் வளையமாக விரிவது என்ன? க்ளூ: அதற்கு இறக்கை உண்டு.