எரிக் மரியா ரெமார்க்: நாஜிகள் எரித்த நாவலின் கதை

[திரையில்: பழைய பெர்லின் தியேட்டர், கறுப்பு வெள்ளை]

1930 டிசம்பர், பெர்லின். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அரங்குக்குள் நாற்றக் குண்டுகள் வெடிக்கின்றன. இருக்கைகளுக்கு அடியில் வெள்ளை எலிகள் ஓடுகின்றன. எல்லாம் நாஜித் தலைவர் கோயபல்ஸ் கூட்டிவந்த ஆட்களின் வேலை. அடுத்த சில நாட்களில் அரசு அந்தப் படத்தையே தடை செய்தது. ஹிட்லர் அப்போது ஆட்சிக்குக்கூட வரவில்லை.

படம், 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்'. அதன் மூல நாவலை எழுதியவர் எரிக் மரியா ரெமார்க்.

[திரையில்: ராணுவ உடையில் இளம் ரெமார்க்]

1898இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் பிறந்தவர். அப்பா புத்தகம் பைண்டிங் செய்பவர். ஆசிரியர் பயிற்சியில் இருந்த பையனை முதல் உலகப் போருக்காக 1916இல் ராணுவம் இழுத்துக்கொண்டது. முன்களத்தில் அவர் இருந்தது சில வாரங்கள்தான். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் அவர் உடம்பில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்தன. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ராணுவ மருத்துவமனை. "இவருக்கு என்ன போர் தெரியும்?" என்று எதிரிகள் பின்னாளில் கேட்டார்கள். கையும் காலும் போன பையன்கள் படுத்திருக்கும் வார்டில் அத்தனை மாதம் கிடந்தவருக்கு வேறு யாரைவிடக் குறைவாகத் தெரிந்திருக்கும்?

நாவலில் ஒரு ஜோடி பூட்ஸ் வரும். கால் வெட்டப்பட்டுச் சாகக் கிடக்கும் கெம்மரிஷுடையது. நண்பன் முல்லரின் கண் அதன்மேல். அவன் கெட்டவனில்லை, நல்ல பூட்ஸ் கிடைப்பது அங்கே அவ்வளவு அரிது. கெம்மரிஷ் செத்ததும் அது முல்லருக்கு வருகிறது. முல்லர் செத்ததும் கதை சொல்லும் பவுலுக்கு. பூட்ஸ் தேயவில்லை, போட்டவர்கள்தான் போய்ச் சேர்கிறார்கள். போரைத் திட்டி ஒரு வரிகூட அந்த இடத்தில் தேவைப்படவில்லை. 1918 அக்டோபரில் பவுலும் சாகிறான். மேற்கு முனையில் புதிதாக எதுவுமில்லை என்கிறது அன்றைய ராணுவ அறிக்கை. நாவலின் தலைப்பும் அதுதான்.

1929இல் புத்தகமாக வந்து உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்ற நாவல் அது. 1933இல் நாஜிகள் தெருவில் போட்டு எரித்தார்கள். ரெமார்க் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். 1938இல் குடியுரிமையும் பறிபோனது. அடுத்த வருஷம் அமெரிக்கா போனார்.

[திரையில்: எல்ஃப்ரீட ஷோல்ஸின் படம்]

இவர் ரெமார்க்கின் தங்கை. டிரெஸ்டனில் தையல் வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றுவிட்டது என்று பேசியதற்காகக் காட்டிக்கொடுக்கப்பட்டார். நாஜிகளின் 'மக்கள் நீதிமன்றம்' மரண தண்டனை விதித்தது. 1943 டிசம்பர் 16 அன்று அவரது தலை துண்டிக்கப்பட்டது. உன் அண்ணன் எங்கள் கைக்கு எட்டவில்லை, நீ தப்ப மாட்டாய் என்று நீதிபதி ஃப்ரைஸ்லர் சொன்னதாகப் பதிவு உண்டு. தண்டனை நிறைவேற்றிய செலவுக்குக் குடும்பத்துக்குப் பில் அனுப்பினார்கள்.

1952இல் வதைமுகாமைப் பற்றி எழுதிய 'ஸ்பார்க் ஆஃப் லைஃப்' நாவலை ரெமார்க் தங்கைக்குத்தான் சமர்ப்பித்தார். ஜெர்மன் பதிப்பில் அந்தச் சமர்ப்பணம் இல்லை.

1970இல் சுவிட்சர்லாந்தின் லோகார்னோவில் இறக்கும் வரை பறித்த குடியுரிமையை மேற்கு ஜெர்மனி திருப்பித் தரவில்லை. தங்கையைக் கொன்ற நாட்டிடம் அதைக் கேட்டு மனுப் போட அவரும் தயாராக இல்லை. இன்று ஓஸ்னாப்ரூக்கில் அவர் பெயரில் அமைதி விருது தருகிறார்கள். 2022இல் இதே நாவலை வைத்து ஜெர்மனியர்களே எடுத்து வெளியிட்ட படம் நான்கு ஆஸ்கர் வாங்கியது. படத்தைப் பார்த்தவர்களும் நாவலைப் படியுங்கள்.