காந்தி ரோட்டில் ஒரு வெளியுறவுத் துறை

அவையோர்க்கு வணக்கம்.

‘பன்னாட்டு உறவில் பண்பாட்டின் பங்கு’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். டெல்லியில் ஆரம்பிக்க வேண்டிய தலைப்பு. நான் நம் வேலூர் காந்தி ரோட்டில் ஆரம்பிக்கிறேன். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பக்கத்து லாட்ஜ்களில் வங்காளி எழுத்தில் பலகை. மெஸ்ஸில் கடுகெண்ணெய் வாசம். நம்மூர்க் கடைக்காரர் வங்காளியிலேயே பேரம் பேசுகிறார். கொல்கத்தாக்காரர்கள் மட்டுமா? வங்கதேசத்து டாக்காவிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறார்கள். எந்தத் தூதரகமும் இதற்குத் திட்டம் தீட்டவில்லை.

படையால் மிரட்டாமல், பணத்தால் வாங்காமல் பிற நாட்டாரை ஈர்ப்பதை ‘மென்சக்தி’ என்று 1990-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் நை சொன்னார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1950-இல், மௌலானா ஆசாத் இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தைத் தொடங்கிவிட்டார். பரதமும் சிதாரும் வெளிநாடு போகின்றன. போகட்டும், நல்லதுதான். ஆனால் கச்சேரிக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவரும், பெற்ற தாயை ஆபரேஷனுக்கு இங்கே கூட்டி வருகிறவரும் ஒன்றா?

1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு சி.எம்.சி.யைத் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். அமெரிக்கா கொடுத்தது, நாம் வாங்கினோம் என்றே அதை முடித்துவிடுகிறோம். பாதிக் கதைதான் அது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். விரலை நோய் தின்றுவிடுவதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டு, கவனிக்காமல் விட்டு, விரல் போகிறது என்பதை நம்மூர் நோயாளிகளிடம்தான் அவர் கற்றார். அதைக் கற்க வெளிநாட்டு மருத்துவர்கள் வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். 1966-இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். உணர்விழந்த சர்க்கரை நோய்க் கால்களைக் காப்பதற்கும் இந்தப் பாடம் அங்கே பயன்பட்டது. அமெரிக்கக் கால்களுக்கு வேலூர் செய்த உபகாரம்! இதை நாமே மேடையில் சொல்வதில்லை.

பண்பாடு இருந்தால் போதும், பகை வராது என்று சொல்ல நான் வரவில்லை. நம் கோட்டையைப் பாருங்கள். இலங்கையின் கண்டி அரண்மனை மதுரையிலிருந்து பெண் எடுத்தது. அந்த உறவில் நாயக்கர்கள் அரியணை ஏறினார்கள். கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை அவனுடைய பிரதானிகளே ஆங்கிலேயரோடு சேர்ந்து கவிழ்த்தார்கள். 1816-இல் இங்கே கைதியாக வந்தவன், 1832-இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கும் முத்துமண்டபத்துக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

நிகழ்காலத்துக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் வங்கதேசத்தாருக்கான விசாவை இந்தியா வெகுவாகச் சுருக்கியது. மருத்துவ விசாவும் தப்பவில்லை. 2025 மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங்குக்குப் போனது. சீனா விழித்திருக்கிறது.

விசா கொடுப்பதும் மறுப்பதும் டெல்லியின் உரிமை. பாதுகாப்புக் காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் சுற்றுலாக்காரரையும் புற்றுநோயாளியையும் ஒரே வரிசையில் நிறுத்தக்கூடாது என்பது என் கட்சி. லாட்ஜ்காரர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதுங்கள் ஐயா, முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.