சைட் நின்றபின் எலக்ட்ரீஷியன் எங்கே போவார்?

எலக்ட்ரீஷியன் நண்பர்களே, வணக்கம்.

பொருளாதார மந்தம் என்று செய்தியில் சொல்லத் தொடங்கும்போது நம் கையில் பெரும்பாலும் வேலை இருக்கும். அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

ஒரு கட்டடத்துக்குள் நாம் எப்போது நுழைகிறோம் என்று பாருங்கள். தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன்பு பைப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். சுவர் எழும்பியதும் காடி வெட்டிப் பெட்டி பதிப்போம். பூச்சு முடிந்த பிறகு ஒயர் இழுப்போம். பெயின்ட் அடித்த பிறகுதான் ஸ்விட்ச், லைட், ஃபேன் எல்லாம். இன்றைக்குப் புதிதாக அஸ்திவாரம் தோண்டுவது நின்றுபோனால், மண் வேலைக்காரருக்கு அடுத்த வாரமே தெரிந்துவிடும். நமக்குத் தெரியாது. ஏற்கெனவே எழும்பி நிற்கிற கட்டடங்கள் இன்னும் பல மாதங்களுக்குச் சோறு போடும். ‘மந்தமாம், நமக்கு ஒன்றும் இல்லையே’ என்று நினைத்துக்கொண்டு புதிய டிரில்லிங் மிஷினை மாதத் தவணையில் வாங்குவோம். தவணை பாதி முடிவதற்குள் சைட் தீர்ந்துவிடும்.

திரும்பி வரும்போதும் நாம் கடைசிதான். அமெரிக்காவில் 2005-ல் கட்டத் தொடங்கிய புதிய வீடுகள் ஏறத்தாழ 20 லட்சத்து 70 ஆயிரம். 2009-ல் அது 5 லட்சத்து 54 ஆயிரமாக விழுந்தது. நான்கில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மந்தம் 2009 ஜூனில் முடிந்துவிட்டதாகத்தான் பொருளாதாரக்காரர்கள் கணக்கு எழுதினார்கள். ஆனால் 2010 பிப்ரவரியில் அந்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்களில் 27 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. பனிக்காலத்தில் அங்கே கட்டுமானம் எப்போதும் குறையும், அதைக் கழித்துக்கொண்டாலும் அது பயங்கரமான எண்ணிக்கைதான். ஆக, செய்தியில் ‘மீண்டுவிட்டோம்’ என்று சொல்வதை நம்பியும் நாம் திட்டம் போட முடியாது.

சரி, வேலை குறைந்ததும் நம் ஆட்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? பாயிண்ட் ரேட்டை, அதாவது ஒரு லைட், ஒரு ப்ளக் என்று பாயிண்டுக்குச் சொல்லும் விலையை, குறைக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் குறைத்தால் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்கிறார். இதில் உள்ள கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. ஒரு வேலையின் மொத்தத் தொகை 100 பங்கு, அதில் பொருளுக்கு 60, நமக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். பத்து பங்கு குறைத்தால் வாடிக்கையாளருக்குப் பத்து சதவீதம் லாபம். ஒயர் கம்பெனி நமக்காக விலையைக் குறைக்கப் போவதில்லை. குறைந்த பத்தும் நம் நாற்பதிலிருந்துதான் போகும். அதாவது நம் கூலியில் கால்வாசி போச்சு.

அப்புறம் அந்தக் கால்வாசியை எங்கே மீட்பது என்று கை தேட ஆரம்பிக்கும். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் போட வேண்டிய இடத்தில் 1.5 போடத் தோன்றும். எர்த் ஒயரை ப்ளக் பெட்டி வரை கொண்டுபோகாமல் விடத் தோன்றும். மிச்சத் துண்டுகளை முறுக்கி, பைப்புக்குள்ளேயே ஜாயின்ட் போடத் தோன்றும். ஒரு லூஸ் ஜாயின்ட்டில் பத்தில் ஒரு ஓம் தடை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 ஆம்பியர் ஓடினால் 40 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில் பிறக்கும். நாம் பற்றவைக்கப் பயன்படுத்துகிற சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிட அதிக வாட் சூடு தருகிற ஒன்றைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு வருகிறோம். கரன்ட் அளவு மீறினால் தானாக வெட்டுகிற எம்சிபியும் விழாது, ஏனென்றால் ஓடுகிற கரன்ட் அதிகமாகவில்லையே. ரேட்டைக் குறைப்பதற்கு நான் எதிரி இல்லை. குறைப்பதாக இருந்தால் வேலையின் அளவைக் குறையுங்கள். நான்கு அறையில் இரண்டை இப்போது செய்யலாம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். ஒயரின் தடிமனில் கை வைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கட்டடம் நின்றுவிட்டது, உண்மை. பழைய கட்டடங்கள் எங்கேயும் போய்விடவில்லை. புது வீடு வாங்க நினைத்தவர் பழைய வீட்டிலேயே இருக்கிறார். புது மோட்டார் வாங்க நினைத்தவர் பழையதற்குக் காயில் கட்டிக்கொள்கிறார். இன்சுலேஷன் மந்தம் பார்த்துக் கெடாமல் இருக்குமா? டெர்மினல் ஸ்க்ரூ தளர்வதும் நிற்காது. வேலை இருக்கிறது. ஆனால் அது லைன் இழுக்கிற வேலை இல்லை, கோளாறு கண்டுபிடிக்கிற வேலை. நம்மில் பாதிப் பேருக்கு அது பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. சைட்டில் வருடக்கணக்காகப் புது ஒயரிங் மட்டும் செய்தவருக்குப் பழைய டிபியை, அதாவது எல்லா லைனும் பிரிகிற மின்பெட்டியை, திறந்தால் தலை சுற்றும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டுகிற சுவிட்ச், அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கூப்பிடுகிறார்கள். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்போம். எதை ஏற்றினால் விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. ஹீட்டர் எலிமென்ட்டாக இருக்கும், அல்லது வெளி லைட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதை ஏற்றினாலும் விழுகிறது, சில சமயம் எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுகிறது என்றால்? இங்கேதான் பலர் கையை விரித்துவிட்டு, ‘ஆர்சிசிபி போயிடுச்சு’ என்று புதிதாக மாற்றுகிறார்கள். அதுவும் விழும். காரணம் எளிது. சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல், எல்லா லைனுக்கும் பொதுவான உலோகப் பட்டையான பஸ்பாரில் அப்படியே இணைந்திருக்கும். எங்கேயோ ஒரு பெட்டிக்குள் ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்சிபியை இறக்கினாலும் அந்தத் தொடர்பு போகாது. மற்ற லைனில் ஓடுகிற கரன்ட்டில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்கு நழுவும், 30 மில்லி ஆம்பியருக்கு முன்பே ஆர்சிசிபி வெட்டிவிடும்.

மெயினை ஆஃப் செய்து, கரன்ட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இணைத்திருக்கிற சாதனங்களை எல்லாம் பிரித்துவிட்டு, நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கு எதிரே மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வையுங்கள். 500 வோல்ட் டிசியில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டுகிற லைனைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல லைன் இதைவிட எத்தனையோ மடங்கு காட்டும். சாதனங்களைப் பிரிக்காமல் மெகர் சுற்றினால் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் போய்விடும், வந்த கூலி அதற்கே சரியாகிவிடும். இந்த வேலைக்கு ஒயர் ஒரு மீட்டர்கூடத் தேவைப்படாமல் போகலாம். மூளைக்கும் மெகருக்கும்தான் கூலி. அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இதை உடனே மாற்ற வேண்டும், இது ஆறு மாதம் தாங்கும், இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். பணம் இறுக்கமாக இருக்கிற காலத்தில் வாடிக்கையாளருக்கு நம்மைக் கண்டாலே பயம், உள்ளே விட்டால் எவ்வளவு செலவு இழுத்துவிடுவாரோ என்று. ‘இதற்கு ஒன்றும் வேண்டாம்’ என்கிற அந்த மூன்றாவது பகுதியைப் படித்ததும்தான் மற்ற இரண்டையும் நம்புவார். பயமுறுத்தி வேலை பிடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அது ஒரு தடவைதான் ஓடும்.

மின்கட்டணத்தைக் குறைத்துத் தரச் சொல்லியும் நிறையக் கூப்பிடுவார்கள். 60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தரும். ஏற்கெனவே எல்லாம் எல்இடி ஆகிவிட்ட வீட்டில் லைட்டை மாற்றி மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை, அதை நேராகச் சொல்லிவிடுங்கள். அங்கே ஓடுகிற கரன்ட்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை வைத்துப் பம்ப் மோட்டாரையும் ஹீட்டரையும் பாருங்கள்.

மந்தக் காலத்தில் அரசாங்கங்கள் பணத்தை இறக்குகிற இடம் பெரும்பாலும் பொதுப்பணிதான். 1930-களின் பெரும் வீழ்ச்சியில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1935-ல் ஊரக மின்மயமாக்கலுக்கென்று ஒரு தனி அமைப்பைத் தொடங்கினார்கள். கம்பம் நட்டு லைன் இழுத்தால் மட்டும் போதுமா? வீட்டுக்குள் ஒயரிங் செய்ய ஆள் வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் குழுவாக ஊர் ஊராகப் போய் வீடுகளுக்கு ஒயரிங் செய்தார்கள். இப்போது அந்த இடத்தில் சோலாரும் மின்வண்டி சார்ஜரும் இருக்கின்றன. ஆனால் லைசென்ஸும் சான்றிதழும் உள்ளவருக்குத்தான் அந்த வேலை. டெண்டர் வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. கை சும்மா இருக்கிற இந்த மாதங்களில்தான் அதை முடிக்க வேண்டும்.

இரண்டிலும் ஒரு எச்சரிக்கை. சார்ஜர் வீட்டு ஏசி மாதிரி விட்டுவிட்டு ஓடாது. 230 வோல்ட்டில் 7.4 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர், அதுவும் இரவெல்லாம். பழைய ப்ளக் லைனில் தொங்கவிட்டால் உருகும். சோலாரில் பேனல்களைத் தொடராக இணைத்தால் பல நூறு வோல்ட் டிசி வரும். வீட்டு சப்ளையான ஏசி மின்சாரத்தில் கரன்ட் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடும், தீப்பொறி அணைந்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது. ஏசி பிரேக்கரைப் போட்டால் வெட்டும்போது உள்ளேயே எரியும். படிக்காமல் தொடாதீர்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பில்டர் விழும்போது, கடைசியில் நுழைந்த நாம்தான் பாக்கி வரிசையிலும் கடைசியில் நிற்போம். பைப் போட்டதும் ஒரு தொகை, ஒயர் இழுத்ததும் ஒரு தொகை என்று கட்டம் கட்டமாக வாங்குங்கள். உங்கள் பெயரில் கடன் சொல்லி அவருக்குப் பொருள் இறக்காதீர்கள்.

ஹெல்பரை நிறுத்திவிட்டுத் தனியாகப் போகிற பழக்கம் இப்போது கூடியிருக்கிறது. மேலே ஏணியில் ஒருவர், கீழே மெயின் பக்கம் யாரும் இல்லை. ‘ஆஃப் பண்ணினால் வியாபாரம் கெடும், அப்படியே செய்யுங்க’ என்று கடைக்காரர் சொல்கிறார், வேலை போய்விடுமே என்று நாமும் தலையாட்டுகிறோம். ஆர்சிசிபி இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால், எர்த்துக்குக் கசிவு இல்லாத வரை ஆர்சிசிபி உங்களையும் ஒரு பல்பாகத்தான் பார்க்கும். மெயினை ஆஃப் செய்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போடுங்கள். பெரிய வேலையில்லாத இரண்டு பேர் சேர்ந்து கூலியைப் பிரித்துக்கொண்டு போனால் இருவருக்கும் பாதுகாப்பு. ஹெல்பர் பையனை வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். அவன் வேறு தொழிலுக்குப் போய்விட்டால், சைட் திரும்பி வரும்போது புதிதாக ஒருவனுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

பேச்சு போதும். அந்த மேஜையில் பழைய வீட்டு டிபி ஒன்றைச் சப்ளை கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நான் சொன்ன நியூட்ரல் கோளாறு அதில் ஒரு லைனில் இருக்கிறது. வேறு ஒன்றும் இருக்கிறது, அதை நான் சொல்லவில்லை. மெகர் பக்கத்திலேயே இருக்கிறது. இருவர் இருவராக வாருங்கள், கண்டுபிடித்ததைத் தாளில் எழுதுங்கள். ஹெல்பர்கள் முதலில் வரட்டும்.